என் பக்கத்து பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனுக்கு வலது கால் செருப்புதான் முதலில் தேயும். இடது கால் செருப்பு வாங்கிய நாளில் இருந்தது போலவே இருக்கும். கடையில் ஜோடியாகத்தான் விற்கிறார்கள், ஆகவே நல்லதையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டியிருக்கிறது. என் மனைவிக்கு இது நெடுநாள் மனக்குறை. "ஒரு கால் வேலைக்குப் போகுது, இன்னொரு கால் வீட்டுலயே படுத்துக் கெடக்குதா?" என்று கேட்பாள்.

சென்ற முறை இதே போலீஸ் ஸ்டேஷனில் நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் எழுதிக்கொண்டார். அதில் என் பெயர், வயது, வேலை தவிர முக்கியமானதெல்லாம் பொய். இந்த முறை நானே எழுதுகிறேன் என்று கேட்டேன். நீங்களும் மறுபேச்சு பேசாமல் ஒரு மேசையும் மின்விசிறியும் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். பூசி மெழுகாமல் எழுதப் பார்க்கிறேன். வருடக்கணக்காகப் பூசி மெழுகியே பிழைத்த கை இது, இடையிடையே வழுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பயிற்சிப் பள்ளியின் கார்களில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் தரையில் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பக்கம் ஸ்டியரிங் கிடையாது, ஆக்சிலேட்டர் கிடையாது, பிரேக் மட்டும்தான். கற்றுக்கொள்ளும் பிள்ளை தடுமாறினால் நான் வண்டியை நிறுத்த வேண்டும், அதற்காக வைத்தது. இரண்டு பிரேக்கையும் ஒரு கம்பி இணைக்கிறது. என் பக்கம் நான் மிதித்தால் அவர்கள் பக்கத்து பிரேக்கும் கூடவே இறங்கும். அவர்கள் கால் அதன்மேல் சும்மா இருந்தாலே போதும், தாங்களே மிதித்து நிறுத்தியது போலத் தோன்றும்.

எங்கள் பள்ளியில் இன்னொருவர் இருக்கிறார், எல்லோரும் பெரிய மாஸ்டர் என்பார்கள். அவர் அந்த பிரேக்கை ஓங்கி மிதிப்பார். பிள்ளையின் நெற்றி ஸ்டியரிங் வரை போய்த் திரும்பும். "கண்ண எங்க வெச்ச?" என்று ஒரு சத்தம் வேறு. அவரிடம் படித்த பிள்ளைகள் பாதி நாள் அழுதுகொண்டுதான் இறங்கும். பெற்றவர்கள் முதலாளியம்மாவிடம் வந்து புகார் சொல்வார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் பிரேக் எவ்வளவு கனம் என்று தெரியும். இதை நான் அப்போது யோசித்தது கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிள்ளை வந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாலே அவள் கை வெடவெடவென்று நடுங்கும். ஒரு சிக்னலில் அவள் பிரேக்கைத் தொட்டாளே தவிர மிதிக்கவில்லை. நான் சத்தமில்லாமல், சீராக, என் பக்கம் மிதித்தேன். கார் கோட்டுக்கு முன்னால் அழகாக நின்றது. "நானே நிறுத்திட்டேன் சார்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. இல்லையம்மா, நான்தான் நிறுத்தினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. அதன் பிறகு அவளுக்கு நடுக்கமும் குறைந்தது, நானும் அதையே வழக்கமாக்கிக்கொண்டேன்.

இது ஒரு கைத்திறன், கால்திறன் என்று சொல்வதுதான் சரி. பிள்ளையின் கால் அசைவதற்கு ஒரு இம்மி பின்னால் என் கால் அசைய வேண்டும். முந்தினால் கண்டுபிடித்துவிடுவார்கள். பிந்தினால் வண்டி குலுங்கும். கை மடியில் இருக்க வேண்டும், முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது, பேச்சு நிற்கக் கூடாது. நான் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வண்டியை நிறுத்துவேன். லைசென்ஸ் தேர்வு அன்றும் அப்படித்தான். தேர்வு அதிகாரி பின் இருக்கையில் உட்காருவார். என் முழங்கால் அவருக்குத் தெரியும், பாதம் தெரியாது. என்னிடம் படித்த பிள்ளைகள் அநேகமாக முதல் தடவையிலேயே தேறிவிடுவார்கள்.

எனக்கு மெத்தை மாஸ்டர் என்று பெயர் வந்தது. என் வண்டியில் உட்கார்ந்தால் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். பதினெட்டு நிறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மெத்தை மாஸ்டரிடம் அனுப்பு என்று பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, மறைக்க மாட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு முள்ளும் இருந்தது. பாட்டுக்காரன் பாடினால் நாலு பேர் கேட்கிறார்கள். சமையல்காரன் சமைத்தால் நாலு பேர் சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கிறது என்கிறார்கள். என் திறமை ஒருவருக்கும் தெரியாமல் இருந்தால்தான் அது திறமை. ஓட்டும் பிள்ளைக்கே தெரியாது. வீட்டில் என் மனைவிக்கும் நான் சொன்னதில்லை.

மருந்துக்கடைக்காரரின் மகள் சேர்ந்தது பள்ளிப் படிப்பு முடிந்த விடுமுறையில். கெட்டிக்காரப் பெண். ஸ்டியரிங் அவள் கைக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டது. கியர் மாற்றுவது, கண்ணாடியைப் பார்ப்பது, திரும்பும் முன் விளக்குப் போடுவது எல்லாம் ஒருமுறை சொன்னால் போதும். வாயும் ஓயாது. தன் அப்பா கடையில் தூக்க மாத்திரை கேட்டு வருபவர்கள் எப்படிக் கொட்டாவி விட்டு நடிப்பார்கள் என்று நடித்துக் காட்டுவாள், அதைச் செய்தபடியே வளைவில் ஒழுங்காகத் திரும்புவாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெறுப்பில் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது உண்மையல்ல.

பிரேக் மட்டும் அவளுக்கு வரவே இல்லை. வர வாய்ப்பே கிடையாது, நான் இருந்தேனே. பிரேக்கை ஒரு பொத்தான் மாதிரி கட்டைவிரல் நுனியால் தொடுவாள். வண்டி வெண்ணெய் மாதிரி நிற்கும்.

ஒருநாள் பாடம் முடிந்து பள்ளி வாசலில் இறங்கினோம். முதலாளியம்மா சாவிகளைத் துடைத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். பெரிய மாஸ்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அடுத்த பாடத்துக்கு வந்த பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லவா?" என்றாள். "மாஸ்டருக்கு சம்பளம் குடுக்கறத நிறுத்திட்டு அந்த சீட்டுல ஒரு தலகாணி வெச்சிடுங்க. அதுவும் பேசாம உக்காந்துட்டு வரும்."

"மெத்த ஏற்கெனவே இருக்கும்மா, தலகாணி ஒண்ணுதான் பாக்கி" என்றார் முதலாளியம்மா.

பெரிய மாஸ்டருக்குப் புரையேறிவிட்டது. பெஞ்சில் இருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல கிண்டல், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தப் பெண் போகும்போது, "சும்மா சொன்னேன் சார், கோச்சுக்காதீங்க" என்றும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி என்ன பரிமாறினாள் என்று எனக்கு நினைவில்லை. எனக்குள் ஒரே யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அந்த யோசனை எவ்வளவு நியாயமாக இருந்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இவளுக்குப் பயமே தெரியவில்லை. பயம் தெரியாமல் ஒரு பிள்ளை சாலைக்குப் போவது ஆபத்து. நாளைக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டால் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். தோழிகளை ஏற்றிக்கொண்டு பாட்டுப் போட்டுக்கொண்டு போவாள். ஆகவே ஒரே ஒரு நாள், நான் பக்கத்தில் இருக்கும்போதே, என் காலை எடுத்துவிட வேண்டும். வண்டி கோட்டைத் தாண்டிப் போய்க் குலுங்கி நிற்கட்டும். அவளுக்கு நெஞ்சு பதறட்டும். அது அவள் நன்மைக்குத்தான். இளம்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் இதைவிட முக்கியமான பாடம் எது? இப்படி நினைத்துக்கொண்டுதான் படுத்தேன், தூக்கமும் வந்தது.

எங்காவது காலி மைதானத்தில் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கலாம். அவளிடம் உண்மையைச் சொல்லி, இனி நீயே மிதி என்று சொல்லியிருக்கலாம். பெரிய மாஸ்டர் புதிய பிள்ளைகளை முதல் நாள் மைதானத்துக்குத்தான் கூட்டிப்போவார், பிரேக்கை மட்டும் திரும்பத் திரும்ப மிதிக்கச் சொல்வார். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல.

மறுநாள் காலையில் மருந்துக்கடைக்காரர் வழக்கம் போல மகளைக் கொண்டுவந்து விட்டார். கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "எப்படி ஓட்டறா மாஸ்டர்?" என்றார்.

"உங்க பொண்ணுக்கு இனிமே நானே தேவையில்ல சார்" என்றேன்.

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மகளின் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

வண்டி கிளம்பியதும் என் வலது காலை இழுத்து இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். முதல் சிக்னலில் கார் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. எதிரில் ஒன்றுமில்லை, ஆபத்தில்லை. அவள் முகம் சுருங்கியது. இரண்டாவது இடத்தில் முன்னால் போன வண்டியை முட்டுகிற அளவுக்குப் போய்விட்டாள். அவசரமாக, அவள் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, உண்மையில் மிதித்தாள்.

"சார், இன்னிக்கு வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சு. பிரேக் புடிக்க மாட்டேங்குது."

"வண்டி நல்லாத்தாம்மா இருக்கு."

"இல்ல சார், நெஜமாவே. கனமா இருக்கு. ஓரமா நிறுத்திப் பாத்துடலாமா?"

நான் பாடம் எடுத்த வருடங்களில் எந்தப் பிள்ளையும் இவ்வளவு சரியான வார்த்தையைச் சொன்னதில்லை. வண்டியில் சந்தேகம் வந்தால் ஓரமாக நிறுத்திப் பார். பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, நானே சொல்லிக்கொடுத்தது. அதோடு அன்றைய பாடம் முடிந்திருக்க வேண்டும்.

"எல்லாம் உன் மனப்பிரம. நீ போ" என்றேன்.

குளிர்பதனக் கிடங்கின் சுற்றுச்சுவர் ஓரமாகப் போகும் சாலை உங்களுக்குத் தெரியும். சுவர் முடிகிற இடத்தில் குறுக்குத் தெரு வந்து சேர்கிறது. அங்கே நின்றுதான் போக வேண்டும், தரையில் கோடும் இருக்கிறது. அந்தக் குறுக்குத் தெருவிலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. லாண்டரி வைத்திருந்தவர் அதில் வந்தார். அவர் தேய்த்த சட்டையில் மடிப்புக் கலையாது என்பதால் அவரை எங்கள் பகுதியில் எல்லோரும் மடிப்பு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கார் அவர்மேல் மோதியது. வேகம் பெரிதில்லை. அவர் விழுந்த இடத்தில் நடைபாதைக் கல் இருந்தது.

அவள் இறங்கி ஓடினாள். நான் இறங்கவில்லை. முதலில் காலை இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்து, என் பக்கத்து பிரேக்கின்மேல் வைத்தேன். யாராவது வந்து பார்த்தால் அங்கே இருக்க வேண்டுமே. அதன் பிறகுதான் இறங்கினேன்.

உங்களிடம் நான் என்ன சொன்னேன் என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. நான் பிரேக்கை மிதித்தேன், அதே நேரத்தில் அவள் பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள் என்றேன். சாலையில் டயர் தேய்ந்த தடமே இல்லையே என்று உங்கள் ஆட்களில் ஒருவர் கேட்டார். மெதுவாக மிதிப்பதுதான் என் வழக்கம் என்றேன். விசாரித்துப் பார்த்தீர்கள். ஊரே ஆமாம் என்றது. அந்தப் பெண் பிரேக் கனமாக இருந்தது என்று சொல்லிப் பார்த்தாள். மெக்கானிக் பார்த்து, பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். பயந்த பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் சொல்லும், மனதில் ஒன்று நடக்கும், காலில் ஒன்று நடக்கும் என்று நான் அன்போடு எடுத்துச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப நான்தான் மிதிச்சிருப்பேன்" என்றாள். வழக்கை அவள்மேல் போட்டீர்கள்.

அவள் மிதித்தது பிரேக்கைத்தான். சரியாகத்தான் மிதித்தாள், நான் பழக்கிய அளவுக்கு. அந்த அளவுக்கு வண்டி நிற்காது.

மடிப்பு அண்ணனின் மனைவி சில நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். சாலையில் சிதறிய துணிகளில் என் சட்டைகளும் இரண்டு இருந்தனவாம். மறுபடி துவைத்து, தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். "அவர் கைத் தேய்ப்பு மாதிரி வராது, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று என் மனைவியிடம் சொன்னார். நான் உள் அறையில் இருந்தேன், வெளியே வரவில்லை. என் மனைவி சட்டைகளை வாங்கிக்கொண்டு வந்து அலமாரியில் வைத்தாள். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனாலும் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் கல்லூரிக் கூட்டத்துக்குப் போனேன்.

அந்தக் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விபத்துக்குப் பிறகு எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டது. முதலாளியம்மா ஒரு யோசனை செய்தார். கல்லூரிகளில் போய், இளம் வயதில் பாதுகாப்பாக வண்டி ஓட்டுவது பற்றி நாமே பேசுவோம், அனுபவசாலி நீங்கள்தான் இருக்கிறீர்களே என்றார். நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். சீட் பெல்ட், ஃபோன், வேகம், பின் இருக்கையில் உசுப்பேற்றும் நண்பர்கள், தூக்கக் கலக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிள்ளைகள் இடையிடையே சிரித்தார்கள், கடைசியில் கைதட்டினார்கள். நான் சொன்னதில் ஒன்றுகூடத் தவறில்லை.

அதன் பிறகு முதலாளியம்மா அந்தப் பெண்ணை மேடைக்கு அழைத்தார். அவள் வருவாள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. மெலிந்துபோயிருந்தாள்.

"என் பேரு வேண்டாம், நான் யாருன்னு உங்களுக்கே தெரியும்" என்று ஆரம்பித்தாள். "எனக்கு எல்லாம் தெரியும்னு திமிரு எனக்கு. மாஸ்டர கிண்டல் பண்ணுவேன். அன்னிக்கு அவரு கரெக்டா பிரேக் போட்டாரு. நான்தான் தப்பான பெடல மிதிச்சுட்டேன். எனக்கு பிரேக்க மிதிச்ச மாதிரிதான் ஞாபகம் இருக்கு. ஆனா அந்த மாதிரி நேரத்துல ஞாபகத்த நம்பக் கூடாதுன்னு மாஸ்டர்தான் எனக்குப் புரிய வெச்சாரு. ஒருத்தர் செத்துப் போயிட்டாரு. நீங்க யாரும் என்ன மாதிரி இருக்காதீங்க."

நான் மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள். "சார், ரெண்டு பெடலையும் சேத்து மிதிச்சா வண்டி நின்னுதானே ஆகணும்? பிரேக்குக்குத்தானே பலம் அதிகம்?"

உங்களில் யாரும் கேட்காத கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் மருந்துக்கடைக்காரரின் மகள் மைக்கை வாங்கினாள். "தயவுசெஞ்சு மாஸ்டர எதுவும் கேக்காதீங்க. அவரு ஏற்கெனவே ரொம்ப ஒடஞ்சு போயிருக்காரு. தப்பு என்னோடது."

கூட்டம் முடிந்து நாங்கள் மாடியிலிருந்து இறங்கினோம். அவள் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். அவள் அப்பா கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது பழகிவிட்டது போலிருந்தது.

"என் கால் மேலயே எனக்கு நம்பிக்க இல்ல சார்" என்றாள். "நான் ஒண்ணு நெனச்சா அது வேற ஒண்ணு செய்யுமோன்னு பயமா இருக்கு. கோர்ட்டுல நானே ஒத்துக்கப் போறேன். வக்கீல் வேணாங்கறாரு. அப்பாவும் அழறாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

மருந்துக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் பிரேக் போடலன்னா இவளும் போயிருப்பா மாஸ்டர். நீங்க சொன்னா கேப்பா, ஏதாவது சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மனசாட்சிப்படி செய்ம்மா" என்றேன்.

வழி முழுக்க என் காதில் அந்த வார்த்தையே கேட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். என் மனைவியிடம் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அந்தப் பொண்ணு கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க போயிடுங்க" என்று மட்டும் சொன்னாள். அதனால்தான் வந்திருக்கிறேன். என் சொந்த யோசனையில் வந்தேன் என்று எழுதினால் அதுவும் பூசி மெழுகியதாகிவிடும்.

அவள்மேல் இருக்கும் வழக்கை எடுத்துவிடுங்கள். அவள் கால் சரியாகத்தான் வேலை செய்தது என்று யாராவது அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டாள், அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைப்பாள்.

இன்னொன்றும் இருக்கிறது. என்னிடம் படித்து லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகள் இந்த ஊர் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பலர் அதற்குப் பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருப்பார்கள். சிலர் கற்றிருக்க மாட்டார்கள். அவர்கள் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு, ஒரு காலி மைதானத்தில், பக்கத்தில் ஆள் இல்லாமல் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். பெரிய மாஸ்டரை வைத்துச் செய்யுங்கள். அவர் திட்டுவார், அழ வைப்பார், பரவாயில்லை. பெயர்களை முதலாளியம்மா தருவார். இது எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர் என்று முதலில் தயங்குவார், பிறகு தந்துவிடுவார்.

கடைசியாக நீங்கள் அன்று கேட்ட கேள்வி. சைக்கிள் வருவது எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டீர்கள். மோதும்போதுதான் தெரிந்தது என்றேன். இவ்வளவு எழுதிய பிறகும் அதை எழுதாமலே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று சற்று முன்பு நினைத்தேன். பாடம் நடத்தப் போய்க் கை மீறிவிட்டது என்பதோடு நிறுத்தினால் கேட்பவர்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வரும்.

கிடங்கின் சுவர் ஆள் உயரம்தான். மடிப்பு அண்ணன் தன் சைக்கிளின் பின்னால் உயரமாக ஒரு கம்பி நட்டு, அதில் தேய்த்த சட்டைகளை ஹேங்கரோடு மாட்டிக்கொண்டு வருவார், கசங்கக் கூடாது என்பதற்காக. அந்தச் சட்டைகள் சுவருக்கு மேலே தெரியும். அன்றும் தெரிந்தன. வரிசையாக, மெதுவாக, சாலையைப் பார்த்து நகர்ந்து வந்தன. அந்தப் பெண் நான் சொல்லிக்கொடுத்தபடி முன்னால் இருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று வேலை எதுவும் இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் என் சட்டை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

காலை முன்னால் கொண்டுவர நேரம் இருந்தது. அதைவிடக் குறைந்த நேரத்தில் எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறேன். அவள் பிரேக்கைத் தொட்டாள், வண்டி நிற்கவில்லை. சட்டென்று என் பக்கம் திரும்பி, "சார்" என்றாள். அந்தக் குரலில் கிண்டல் இல்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நான் கேட்க விரும்பியது அதைத்தான். பயந்துவிட்டாள், நான் தேவை என்று தெரிந்துகொண்டாள், பாடம் முடிந்துவிட்டது. அப்போதும் நேரம் இருந்தது, நான் மிதிக்க வேண்டியதுதான் பாக்கி.

இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்.